ஏழு விசில் வாங்கிய நீலக் கார்

கண்ணு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்கப் போவதில்லை. காலையில்தான் போனில் பேசினோம். நீ நலம், நான் நலம், உன் அப்பாவின் முழங்கால் மட்டும் கொஞ்சம் நலமில்லை. பிறகு எதற்குக் கடிதம் என்கிறாயா? போனில் நான் நாலு வாக்கியம் சேர்த்துப் பேசினால் உனக்கு உடனே மீட்டிங் வந்துவிடுகிறது. கடிதத்தில் அந்தப் பட்டன் உனக்குக் கிடையாது. ஆவணி பிறந்துவிட்டது, வருகிற முகூர்த்தத்தில் உனக்குக் கல்யாணம். அதற்குள் நீ தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி ஒன்று இருக்கிறது. உன் கல்யாணம் ஆடி மாசத்தில் நின்றே போயிருந்தது. நிறுத்தியது என் வாய். நம் யூடியூப் சேனலைப் பார்க்கிற ஜனங்களும் படிக்கட்டும் என்று பகிரங்கமாகவே எழுதுகிறேன். மணலூர்பேட்டை டீக்கடைக்கு ஏற்கெனவே எல்லாம் தெரியும். கட்டிக்கப்போகிறவன் உனக்குத்தான் தெரியாது.

எல்லாவற்றுக்கும் காரணம் அந்த கேம் பெட்டி. நீ ஒண்ணாவது படித்தபோது உன் அப்பா கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இருந்த கடையில் வாங்கி வந்தார். கேசட்டின் மேல் ஒன்பதாயிரத்துச் சொச்சம் ஆட்டம் என்று போட்டிருந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் ஏழெட்டு ஆட்டம்தான், மீதியெல்லாம் அதே ஆட்டம் வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்தது. உனக்காக வாங்கியது என்று பேர். நீ பள்ளிக்கூடம் போன பிறகு நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று உனக்குத் தெரியாது. சாயங்காலம் நீ வந்து பெட்டியைத் தொட்டுப் பார்த்து, "ஏம்மா சூடா இருக்குது?" என்று கேட்பாய். வெயில் பட்டிருக்கும் என்பேன். வெயில் பட்டது பெட்டியில் இல்லை, என் மானத்தில். மேட்டில் ஏறிக் குதிக்கிற மோட்டார் சைக்கிள் ஆட்டத்தில் அந்தத் தெருவிலேயே என்னை மிஞ்ச ஆள் இல்லை என்பதை யாரிடமும் சொல்ல முடியாமல் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அந்த வருஷ ஆயுத பூஜை நினைவிருக்கிறதா? வெள்ளிமலைக்குப் போகும் தன் பஸ்ஸுக்கு மாலை போட்டுப் பூசணிக்காய் உடைத்துவிட்டு வந்த உன் அப்பா, வீட்டில் சும்மா இருந்த கேம் பெட்டியையும் பார்த்தார். "இதுவும் வண்டி ஓட்டற சாமான்தானே" என்று சந்தனத்தைக் கரைத்து மூன்று இடத்தில் பொட்டு வைத்தார். மூன்றாவது பொட்டு கேசட் சொருகும் வாயில் இறங்கிவிட்டது. சாமியிடம் வேண்டிக்கொள்ளாத வரம் ஒன்று அன்றைக்குக் கிடைத்தது. இன்றுவரை பெட்டி சூடானால் கோயில் வாசனை வருகிறது. ஆட்டம் ஆடுகிற ரிமோட்டுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வேறு வைத்து நசுக்கினார். அதில் புளித்துப் போனதுதான் இரண்டாவது ரிமோட்டின் இடதுபக்க அம்புப் பட்டன்.

ஊரடங்கில் பஸ் நின்று அப்பா வீட்டில் உட்கார்ந்தார், நீயும் ஓசூரிலிருந்து வந்து கம்ப்யூட்டரோடு உட்கார்ந்தாய். பரணில் கிடந்த பெட்டியை நீதான் இறக்கினாய். மஞ்சள் ஒயரைத் தேடிக் கண்டுபிடித்து டிவியில் சொருகி, என் கையில் ரிமோட்டைக் கொடுத்து, செல்போனைத் தூக்கிப் பிடித்து, "அம்மா, இந்த ஆட்டம் எப்பிடின்னு சும்மா பேசு" என்றாய். சும்மா பேசு என்று என்னிடம் சொன்ன ஒரே மனிதன் நீ. மற்றவர்களெல்லாம் சும்மா இரு என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

மற்ற சேனல்காரர்கள் ஆட்டத்துக்கு நட்சத்திரம் கொடுக்கிறார்கள். எனக்கு அந்தக் கணக்குப் பிடிபடவில்லை. அடுப்பில் பருப்பை ஏற்றிவிட்டு ஆட்டத்தில் உட்காருவேன். முதல் விசிலுக்கே எழுந்து போய் அடுப்பை அணைத்தால் அந்த ஆட்டம் தேறாது. மூன்று விசில் வரை எழுந்திருக்காவிட்டால் நல்ல ஆட்டம். ஐந்துக்கு மேல் போனால் அன்றைக்கு ஊறுகாய்தான். கால்பந்து ஆட்டத்துக்கு ஒரு விசில் கொடுத்தேன். பதினோரு பேரும் ஒரே முகம், ஒருத்தனுக்கும் மூச்சு வாங்கவில்லை, இவர்களைப் பெற்றவள் யாரென்றே தெரியவில்லை. ஈட்டி எறிந்து ஓடிக் குதிக்கிற ஆட்டத்துக்கு நாலு. முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு பட்டனைத் தேய்த்ததில் நகமே போயிற்று, ஆனாலும் நாலு. மட்டையால் அடித்துவிட்டு நாலு மூலைக்கும் ஓடுகிற ஒரு ஆட்டம் இருந்ததே, அதற்கு நான் முட்டை போட்டேன். வெளிநாட்டில் இருந்து நம் தமிழ்க்காரர் ஒருத்தர் அது அவர்கள் நாட்டின் பெருமை என்று கோபமாக எழுதினார். கோபப்படட்டும். அவர் நாட்டுப் பெருமைக்காக என் பருப்பு ஏன் தீய வேண்டும்?

கார் ஆட்டத்துக்கெல்லாம் உன் அப்பாதான் நிபுணர். கல்வராயன் மலையில் அத்தனை கொண்டை ஊசி வளைவையும் கண்ணை மூடிக்கொண்டு திருப்புகிறவர், டிவி முன்னால் உட்கார்ந்தால் முதல் வளைவிலேயே மரத்தில் மோதுவார். இடது கால் தரையில் கிளட்ச்சைத் தேடிக்கொண்டே இருக்கும். "இந்த வண்டிக்கு ஆரன் இல்ல. ஆரன் இல்லாத வண்டிய எவன் ரோட்டுக்கு வுட்டான்?" என்று அவர் சொன்னதைத்தான் நம் சேனலில் அதிகம் பேர் பார்த்தார்கள். நான் பட்ட முதல் பொறாமை அது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்த இரண்டு கார் ஓடும் ஆட்டத்தைப் பற்றி நான் சொன்னதை நீ மறந்திருக்க மாட்டாய், நீதான் படம் பிடித்தாய். நம் கார் சிவப்பு, எதிராளி நீலம். அந்த நீலக் கார் நடு ரோட்டை விட்டு நகராது, வழியும் விடாது, திடீரென்று குறுக்கே திரும்பும். நான் என்ன சொன்னேன்? "இந்த நீலக் கார்க்காரன் மணலூர்பேட்டைக்காரனா இருப்பான். கையும் காட்ட மாட்டான், லைட்டும் போட மாட்டான், கரும்பு டிராக்டர் கணக்கா நடு ரோட்லயே போய்க்கினு இருப்பான். பின்னாடி வர்றவன் வூடு போய்ச் சேர வேணாமா?" மணலூர்பேட்டை என்ன பாவம் செய்தது? ஒன்றும் இல்லை. பஸ் மறுபடி ஓட ஆரம்பித்திருந்த அந்த வாரம் உன் அப்பா, மணலூர்பேட்டை வண்டி ஒன்று சர்க்கரை ஆலைக்குப் போகும் ரோட்டில் நின்று தன் பஸ்ஸை மறித்துவிட்டது என்று வீட்டுக்கு வந்து புலம்பினார். பஸ் நின்ற நேரத்தில் ஜன்னல் வழியாகப் படமும் எடுத்திருந்தார். நீலக் கலர் டிராக்டர், அதற்கு முன்னால் இடுப்பில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, பச்சைத் துண்டு போட்ட ஒரு முதுகு. நீ அந்த முதுகை வெட்டி எடுத்து வீடியோவின் முகப்பில் ஒட்டினாய். நாம் மூன்று பேரும் சிரித்தோம். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்தது.

அதற்கப்புறம் ஒன்றரை வருஷம் கழித்து நீ திவ்யா என்றாய். கூட வேலை செய்கிற பெண், மணலூர்பேட்டை, அப்பா விவசாயம் என்றாய். எனக்கு எதுவும் உறைக்கவில்லை. பெண் பார்க்கப் போனோம். திவ்யாவின் அப்பா ஏழுமலை அண்ணன் நமக்கு முகம் கொடுத்துத்தான் உட்கார்ந்திருந்தார், அதனால் முதுகு தெரியவில்லை. எல்லாம் நல்லபடியாக முடிந்து நீ ஓசூருக்குப் போய்ச் சேர்ந்தாய். அதற்குள் அவருடைய தங்கச்சி மகன் நம் சேனலைத் தோண்டி, டீக்கடையில் வைத்துக் காட்டி, "மாமா, இது உன் முதுவு இல்ல?" என்று கேட்டுவிட்டான். மறுநாள் திவ்யாவின் அம்மா எனக்குப் போன் செய்தார். "அவுரு வேணாங்கறாருங்க. ஊரே அவர நீலக் காருன்னு கூப்புடுதுங்க" என்றார்.

உன்னிடம் சொல்லவில்லை. ஆடி பிறக்க இரண்டு நாள் இருந்தது. ஆடியில் நல்லது பேசமாட்டார்களாம், ஆவணியில் பார்ப்போம் என்றேன், நீயும் நம்பினாய். ஒரு மாசத்தை எனக்கு இரவலாகக் கொடுத்த ஆடிக்குக் கும்பிடு போட்டேன். திவ்யாவுக்கு மட்டும் போன் செய்து அழுதேன். அவள் அழவில்லை. "நான் பேசினா அப்பா இன்னும் ஏறுவாரு அத்தே. நீங்களே ஒரு நட போங்க. பெட்டியையும் எடுத்துக்கினு போங்க" என்றாள். பெட்டி எதற்கு என்று கேட்டேன். எடுத்துப் போங்க என்று மட்டும் சொன்னாள். அந்த ஒரு மாசமும் உன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு உன்னிடம் மூச்சு விடவில்லை, பார்த்தாயா? ஜாக்கிரதையாக இரு, கண்ணு.

ஒயர் கூடையில் பெட்டி, இரண்டு ரிமோட், மேலே வெற்றிலை பாக்கு பழம். ஆடிக் கடைசியில் ஒருநாள் இரண்டு பஸ் மாறி மணலூர்பேட்டைக்குப் போனோம். பஸ்ஸில் உன் அப்பா டிரைவர் ஓட்டுவதில் குற்றம் கண்டுபிடித்துக்கொண்டே வந்தார். நான் மனசுக்குள் மன்னிப்பு ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். கூடத்தில் உட்கார வைத்தார்கள். தண்ணீர் வந்தது. காபி வரவில்லை. உனக்கு இதெல்லாம் புரியாது, நீ காபியை மிஷினில் பிடித்துக் குடிக்கிறவன். தண்ணீர் யாருக்கும் கொடுப்பது. காபி என்றால் உறவு. அந்தச் சொம்பைப் பார்த்ததுமே என் ஒத்திகையெல்லாம் மறந்துவிட்டது. உள்ளே அடுப்பில் குக்கர் ஏற்றியிருந்தார்கள். அது எங்களுக்கு இல்லை என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க, அந்த ரோட்ல எல்லாருமே அப்பிடித்தான் ஓட்டறாங்க" என்று உன் அப்பா சமாதானம் பேச ஆரம்பித்தார். தொடையில் கிள்ளினேன். ஏழுமலை அண்ணன் அவரைப் பார்க்கவேயில்லை, என்னைப் பார்த்தார்.

"பஞ்சரும்மா அது" என்றார். "டிரெய்லர் டயரு வெடிச்சிடுச்சு. ஓரங்கட்ட எடம் இல்ல. பின்னாடி பஸ்ஸுக்காரன் வுடாம ஆரன் அடிக்கிறான். முப்பது வருசமா வண்டி ஓட்டறேன், கை காட்டாம ஒரு நாளு திரும்புனதில்ல. என்னப் போயி இப்பிடிப் பண்ணிட்டீங்களே."

விடாமல் ஆரன் அடித்த அந்த பஸ்ஸுக்காரன் என் பக்கத்தில் உட்கார்ந்து உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு வாய் அடைத்துவிட்டது. கண்ணு, உன் அம்மாவுக்கு வாய் அடைத்தது என்று நான் எழுதுவதை நீ இரண்டு தடவை படித்துக்கொள், இனிமேல் கிடைக்காது. தப்புதாங்கண்ணா என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எழுந்து வந்துவிடலாம் என்று கூடையைத் தூக்கினேன். வெற்றிலைக்கு அடியிலிருந்து மஞ்சள் ஒயர் எட்டிப் பார்த்தது.

"பையில இன்னா?" என்றார்.

அந்தப் பெட்டிதான் என்றேன். டிவிப் பக்கம் தலையை ஆட்டினார். பிறகு, "போடுங்க. எவ்ளோ மோசமா ஓட்டறான்னு நானும் பாக்கறேன்" என்றார்.

அந்த ஆட்டத்தில் இரண்டாவது ரிமோட் பிடிக்கிறவர்தான் நீலக் கார். அவரிடம் அதை நீட்டினேன். அதிலும் எலுமிச்சம்பழம் குடித்த ரிமோட், இடதுபக்கம் அழுத்தி அழுத்தித்தான் வேலை செய்யும். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் கொடி இறங்கிவிட்டது. நான் பழக்க தோஷத்தில் விட்டேன் பாரு வண்டியை. மனுஷர் பொறுமையாக நடு ரோட்டுக்கு வந்தார். முதல் வளைவு வலதுபக்கம். ரிமோட்டை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையைக் கூடத்தில் நீட்டமாக நீட்டிக் காட்டினார். திரும்பினார். கையை மடக்கினார். அடுத்த வளைவு, மறுபடியும் கை. பக்கத்திலிருந்த தண்ணீர்ச் சொம்பு அடிபட்டு உருண்டது. அவர் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை, கண் ரோட்டில் இருந்தது. எனக்கு வயிற்றுக்குள்ளிருந்து சிரிப்பு கிளம்பியது. சிரித்தால் கல்யாணம் போச்சு. பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன், மரத்தில் மோதினேன். எழுந்து ஓட்டினேன், வழியை மறித்தார். "கீரு மாத்து, கீரு மாத்து" என்று உன் அப்பா இல்லாத கியரை மாற்றச் சொல்லிக்கொண்டே செல்போனில் படம் பிடித்தார். எதைப் பார்த்தாலும் படம் பிடிக்கிற வியாதி அவருக்கு உன்னிடமிருந்து தொற்றியது. திவ்யாவின் அம்மா கரண்டியோடு அடுப்படி வாசலில் வந்து நின்றவர் அப்படியே நின்றார். "ஏங்க, கை காட்னது போதும், அந்தம்மா பின்னாடி வந்துகீறாங்க, ஓட்டுங்க" என்று புருஷனை விரட்டினார். நான் கடைசி வளைவில் ஓரத்தில் நுழையப் பார்த்தேன். கை காட்டினார், திரும்பினார், கோட்டைத் தாண்டினார். நான் பாறையில் கிடந்தேன்.

பெட்டியிலிருந்து சந்தன வாசனை வந்தது. அடுப்படியிலிருந்து வேறொரு வாசனை வந்தது. ஏழுமலை அண்ணன் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு, திரும்பாமலே கேட்டார்.

"எத்தினி விசிலு?"

எனக்கு முதலில் புரியவில்லை. "ஏழு" என்றார் திவ்யாவின் அம்மா. "அய்யோ, பருப்பு" என்று உள்ளே ஓடினார்.

"ஏழு" என்று அவர் தலையை ஆட்டிக்கொண்டார். "உங்க சேனல்ல அந்த மோட்டார் சைக்கிளுக்கே ஆறுதான். ஏழு இதுவரைக்கும் எவனும் வாங்கல."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. தன் ஊரைப் பற்றி வேறு எங்கேயாவது பேசியிருக்கிறேனா என்று பார்ப்பதற்காக, கோபத்தில் ஒவ்வொன்றாகத் திறந்து, நம் வீடியோ எல்லாவற்றையும் அவர் பார்த்துவிட்டிருந்தார். கோபம் எந்த வீடியோவில் தீர்ந்தது என்று அவருக்கே தெரியவில்லையாம். அவர் பார்ப்பது திவ்யாவுக்குத் தெரிந்திருக்கிறது, அதனால்தான் பெட்டியை எடுத்துப் போகச் சொன்னாள். ஏழுமலை அண்ணன் கன்னமெல்லாம் சிரிப்பாக என் பக்கம் திரும்பி, "இருங்க சம்மந்தி, சாப்ட்டுத்தான் போவணும்" என்றார்.

அவர் சரி என்று சொல்லவேயில்லை, கண்ணு. சம்மந்தி என்றார். போதாதா? நான் சொம்பை எடுத்து நிமிர்த்தி வைப்பதுபோலக் குனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டேன். தீய்ந்த பருப்பும் அப்பளமும் போட்டார்கள். அதைவிட ருசியான சாப்பாட்டை நான் எந்தக் கல்யாணத்திலும் சாப்பிட்டதில்லை. அப்புறம் காபி வந்தது. உன் அப்பா இரண்டு தம்ளர் குடித்தார்.

புறப்படும்போது சம்மந்தி ஒரே ஒரு நிபந்தனை போட்டார். பழைய வீடியோவை எடுக்கச் சொல்லவில்லை. "முதுவ மட்டும் காட்டினீங்க. மூஞ்சியும் காட்டிடுங்க" என்றார். அப்பா பிடித்த படம் இந்தக் கடிதத்தோடு உன் போனுக்கு வரும். கல்யாண மண்டபத்துத் திரையில், நீயும் திவ்யாவும் வெள்ளிமலை அருவிப் பக்கம் கையைக் கோத்துக்கொண்டு நடந்த படத்துக்கு முன்னால் இது ஓட வேண்டும். முகப்பில் கை நீட்டிய அவர் முகத்தை வை. அந்தக் கை முழுசாகத் தெரியும்படி வெட்டு. மணலூர்பேட்டை டீக்கடை மொத்தமும் பந்தலில் இருக்கும்.

புத்தி சொல்லாமல் முடித்தால் அம்மா எழுதியது என்று நீ நம்ப மாட்டாய். நடுவில் ஒரு பறவையை வைத்து டாங்கியால் காக்கிற ஆட்டத்தில், தோற்கப்போகிறோம் என்று தெரிந்ததும் நீ உன் பறவையை நீயே சுட்டுவிடுவாய். ஆறு வயசில் அது அழகாக இருந்தது. திவ்யாவோடு சண்டை வரும், வராவிட்டால் எனக்குத்தான் கவலை. வரும்போது வெளியே எங்கே வேண்டுமானாலும் சுடு, பறவையைச் சுடாதே. இன்னொன்று. நம் இரண்டாவது ரிமோட்டில் ஆட்டத்தை நிறுத்தும் பட்டன் கிடையாது. இத்தனை வருஷமும் முதல் ரிமோட் என் கையில். நீ ஒண்ணுக்குப் போக வேண்டுமானாலும் என்னைக் கெஞ்சினாய், உன் அப்பா இன்றுவரை கெஞ்சுகிறார். எனக்குச் சௌகரியமாக இருந்தது, அதனால் நான் மாற்றவில்லை. உங்கள் வீட்டில் நிறுத்தும் பட்டன் இரண்டு பேர் கையிலும் இருக்கட்டும். யார் காதில் முதலில் விசில் விழுகிறதோ அவர் நிறுத்தட்டும்.

பெட்டியை ஓசூருக்குக் கேட்காதே. சம்மந்தி ஞாயிற்றுக்கிழமை தோறும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அந்த இடதுபக்க அம்பைப் பிரித்துச் சரிபண்ணித் தருகிறாராம். சரியான பிறகும் என்னை ஜெயிக்கிறாரா பார்ப்போம். நீ போன பிறகு எனக்கு எதிரில் யார் உட்காருவார்கள் என்று பெண் பார்த்த அன்றிலிருந்து மனசுக்குள் ஒரு கவலை இருந்தது. உன்னிடம் சொல்லவில்லை. இப்போது அது இல்லை என்பதால் சொல்கிறேன்.

உன் அப்பா வாசலிலிருந்து ஏதோ கத்துகிறார். இந்தக் கடிதத்தில் உட்காரும்போது அடுப்பில் பருப்பு ஏற்றினேன். எத்தனை விசில் வந்தது என்று நான் எண்ணவேயில்லை.

அம்மா